கென்னத் காவல் காத்த கெண்டி

எமில் வாவ்ரா தன் மனைவியின் கல்யாண மோதிரத்தை இரண்டு டாலருக்கு விற்றார். கேட்டது என்னவோ இரண்டரை. பேரத்தில் ஐம்பது சென்ட் விட்டுக்கொடுத்தார்.

விற்கும்போது அது மோதிரம் என்று அவருக்குத் தெரியாது. அவர் விற்றது மூக்கு உடைந்த ஒரு பீங்கான் டீக் கெண்டி. வாவ்ரா வீட்டில் டீ குடிக்கிற ஆள் கிடையாது. எழுந்ததிலிருந்து படுக்கும்வரை காபிதான். யாரும் தொடாத பாத்திரம் எதற்கு, விற்றுவிடலாம் என்று எமில் நினைத்தார். யாரும் தொடாத பாத்திரம், வீட்டிலேயே இதுதான் பத்திரமான இடம் என்று அவர் மனைவி ஆர்லீன் நினைத்திருந்தாள். கோடையில் விரல் வீங்கி, மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றி, கெண்டிக்குள் போட்டு மூடிவிட்டு, இடுப்பு எலும்பு ஆபரேஷன் செய்துகொண்ட அக்காவைப் பார்த்துக்கொள்ள ஒமாஹாவுக்குப் போய்விட்டாள். இருவர் கணக்கும் சரிதான். இரண்டு சரியான கணக்குகளைக் கூட்டியதில்தான் தப்பு வந்தது.

அவள் இல்லாத சமயம் பார்த்து எமில் வெள்ளிக்கிழமை கராஜைத் திறந்து, மேசை போட்டு, வீட்டில் வேண்டாததையெல்லாம் பரப்பி வைத்தார். அயோவாவில் கோடை முழுக்க எல்லோர் வீட்டு வாசலிலும் நடக்கிற கூத்துதான். இவர் வேண்டாம் என்று வைத்ததை அவர் வாங்கிப்போய், இரண்டு வருஷம் கழித்து அவரும் வேண்டாம் என்று வாசலில் வைப்பார். இப்படிச் சுற்றும் சாமான்களில் பாதி ஹார்லன் ஷிமெக்கின் கொட்டகை வழியாக ஒருமுறையாவது போய் வந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் எமிலுக்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்தவர். ஊருக்கு வெளியே ஜல்லி ரோட்டில் பழைய சாமான் கடை. கெண்டியை வாங்கியதும் அவர்தான்.

சனிக்கிழமை காலை, வழக்கமான நேரத்துக்கு ஆர்லீன் போன் செய்தாள்.

"அக்கா எழுந்து நடக்க ஆரம்பிச்சுட்டா. நான் கிளம்பிட்டேன். விரல் வீக்கமும் வத்திடுச்சு, எமில். நாளைக்கு சர்ச்சுல நாப்பதாம் வருஷம்னு ஃபாதர் நம்ம ரெண்டு பேரையும் முன்னாடி கூப்பிட்டு நிக்கவைக்கப்போறாரு. வெறும் விரலோட போய் நிக்க முடியாது. மோதிரம் அந்த மூக்கொடஞ்ச டீக் கெண்டில கெடக்கு. எடுத்து சோப்புத் தண்ணில ஊறப்போட்டு வை. மூணு, மூணரைக்கு வந்துருவேன்."

எமில் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தார்.

"என்ன சத்தத்தையே காணோம்?"

"காபி பொறையேறிடுச்சு."

"கராஜ் சேல் போடறேன்னியே, சமையல்கட்டுல எதுலயும் கை வைக்கலியே?"

"நான் ஏன் சமையல்கட்டுக்குப் போறேன்?"

போனை வைத்தபின் எமிலுக்கு உட்கார முடியவில்லை. சமையல்கட்டிலிருந்து கராஜுக்குப் போனார். கராஜிலிருந்து சமையல்கட்டுக்கு வந்தார். அலமாரியில் கெண்டி இருந்த இடத்தில் வட்டமாகத் தூசியில்லாத தடம். அதைச் சுற்றிலும் துடைத்தார். துடைத்த இடம் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும் என்று தோன்ற, மேல்தட்டுத் தூசியைக் கொஞ்சம் வழித்து அதன்மேல் தடவினார். போன் பக்கத்தில், எடுக்காத அழைப்புகளின் பேச்சைப் பிடித்து வைக்கிற பதிவு மெஷினின் சிவப்பு விளக்கு நேற்று சாயங்காலத்திலிருந்து மினுக்கிக்கொண்டிருந்தது. அதை அவர் தொடவில்லை. விற்பனை போட்டால் போனிலேயே விலை கேட்டு நச்சரிப்பார்கள். முகம் பார்க்காமல் விலை பேசுவது எமிலுக்குப் பிடிக்காது, காசு கைவிட்டுப் போகிற வழி அது.

மோதிரம் தொலைந்தால் இன்னொன்று வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். அந்த மோதிரத்தின் கதை தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் சீடர் ராபிட்ஸில் நகைக்கடைக்காரர் நூற்றெண்பத்தைந்து டாலர் சொன்னார். எமில் ஆர்லீனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேரம் பேசினார். இருமுறை வாசல்வரை போய்த் திரும்பினார். ஆர்லீன் கண்ணாடிப் பெட்டியில் இருந்த கடிகாரங்களைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். கடைசியில் நூற்றி நாற்பதுக்கு முடித்தார். அன்று மிச்சம்பிடித்த நாற்பத்தைந்து டாலர் அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளைபோலவே வளர்ந்தது. புது சோபா வேண்டுமா, ஃப்ளோரிடா போகவேண்டுமா, எந்தச் சண்டை வந்தாலும் அது முதல் ஆளாக வந்து நடுவில் உட்காரும். "என்னைக் கட்டிக்க நாப்பத்தஞ்சு டாலர் கொறைச்ச மனுஷன்தானே நீ" என்பாள். இப்போது அதே மோதிரத்தை இரண்டு டாலருக்கு விற்றதும் தெரிந்தால், மீதி ஆயுள் முழுக்க அவளிடம் வாய் திறக்க முடியாது.

ஹார்லனிடம் போய் உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். எமில் அதையும் யோசித்தார். தான் ஹார்லனாக இருந்தால் என்ன செய்வோம் என்று எண்ணிப் பார்த்தார். கெண்டிக்குள் மோதிரம், மறுநாள் நாற்பதாம் வருஷம், மத்தியானம் பெண்டாட்டி வருகிறாள் என்று ஒருவன் மூச்சிரைக்க வந்து நின்றால், தான் என்ன விலை சொல்வோம் என்று நினைத்ததும் அவருக்கே பகீரென்றது. சொல்லக்கூடாது. சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன் மாதிரி போய், வேறு எதையோ விலை கேட்டு, போகிற போக்கில் கெண்டியையும் எடுத்துப் போட்டுக்கொண்டு வரவேண்டும். வேண்டுகிற பொருளைக் கண்ணால் பார்க்கவே கூடாது. அது அவருடைய முதல் விதி.

வழியில் பசித்தால் இருக்கட்டும் என்று ஒரு கொலாச்சி ரொட்டியைத் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆர்லீன் கிளம்புமுன் சுட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனவற்றில் கடைசி அது, நடுவில் உலர்ந்த பிளம் பழம் வைத்தது.

கொட்டகைக்கு முன்னால் ஹார்லனின் பிக்கப் வண்டி இல்லை. கம்பத்தில் ஒரு மணி, அதற்குக் கீழே பலகை: 'மணியடி. நான் வரும்வரை வண்டியை விட்டு இறங்காதே.' எமில் வண்டி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மணியடித்தார். யாரும் வரவில்லை. இன்னொரு தடவை அடித்தார். ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார். சாவியைத் திருகினார், அணைத்தார். கொட்டகை வாசலில் நீள மேசைகள், அவற்றின்மேல் தட்டுமுட்டுச் சாமான்கள். மூன்றாவது மேசையின் ஓரத்தில் கெண்டி.

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. கெண்டியை வாங்கினால்தானே காசு? கெண்டி ஹார்லனுடையது, உள்ளே இருப்பது தன்னுடையது. தன்னுடையதை எடுத்துக்கொள்ள யாரைக் கேட்கவேண்டும்? இப்படி நியாயமும் சிக்கனமும் ஒரே பக்கத்தில் நிற்கிற வாய்ப்பு அவருக்கு அடிக்கடி வருவதில்லை. இறங்கினார்.

நாய் இருப்பது அவருக்குத் தெரியாதா என்ன. ஊருக்கே தெரியும். பெயர் கென்னத். எந்நேரமும் வாசலில் நின்று யார் வருகிறார்கள், என்ன கொண்டுபோகிறார்கள் என்று உறுமிக்கொண்டே இருந்த மைத்துனர் ஒருவர் ஹார்லனுக்கு இருந்தார். அவர் பெயரைத்தான் நாய்க்கு வைத்திருந்தார். கன்றுக்குட்டி உயரம், வாளி அளவுக்குத் தலை. குட்டியிலிருந்தே கல்லாமேசைக்கு அடியில் வளர்ந்தது. அந்தப் பக்கத்தில் வியாபாரம் முடிந்ததற்கு அடையாளம் கை குலுக்குவது. காசும் ரசீதும் பின்னால் வரும். மேசைக்கு அடியிலிருந்து வருஷக்கணக்காக அதைப் பார்த்துப் பார்த்து, கென்னத் தானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டது. எஜமான் கையைக் குலுக்கியவன் எதையும் தூக்கிப் போகலாம். குலுக்காதவன் வேடிக்கை பார்க்கலாம், தொடக்கூடாது. நேற்றுக் குலுக்கினேன் என்ற பேச்செல்லாம் அதனிடம் செல்லாது.

எமில் சுற்றிப் பார்த்தார். நாயைக் காணோம். ஹார்லன் கூட்டிப் போயிருப்பார் என்று முடிவு செய்துகொண்டு, மூன்றாவது மேசைக்குப் போய்க் கெண்டியைக் கையில் எடுத்தார்.

குரைப்பு எதுவும் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால், டிராக்டர் கிளம்புவதற்கு முன் வருகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

எமில் முப்பது வருஷம் பண்ணை பண்ணையாகப் போய் விதைச்சோளம் விற்றவர். நாய் இல்லாத பண்ணை கிடையாது. புதிதாக வேலைக்குச் சேருகிற பையன்களுக்கு அவர்தான் சொல்லிக்கொடுப்பார்: ஓடாதே, ஓடினால் துரத்தத் தோன்றும். கண்ணைப் பார்க்காதே. சிரிக்காதே, பல் தெரியும். நேராக நிற்காதே, பக்கவாட்டில் திரும்பி நில். கையைத் தொங்கவிடு, விரலை மடக்கிக்கொள். குரலைத் தாழ்த்து. முதுகு காட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கு. உனக்கும் அதற்கும் நடுவே எப்போதும் ஒரு பொருள் இருக்கட்டும். கடிக்கத்தான் போகிறது என்றால், உன் காலுக்கு முன்னால் அதன் வாய்க்கு வேறெதையாவது கொடு.

அவர் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தார். பக்கவாட்டில் திரும்பி, ரோட்டுக்கு அப்பால் இருந்த சோளக்கொல்லையைப் பார்த்துக்கொண்டு நின்றார். விலை கேட்கும்போது முகத்தில் வைத்துக்கொள்கிற அதே அலட்சியம். கென்னத் சுற்றி வந்து முழங்காலை முகர்ந்தது. பிறகு கெண்டியை முகர்ந்தது.

"போ கென்னத்," என்றார் தாழ்ந்த குரலில். "வீட்டுக்குப் போ."

கென்னத்துக்கு வீடே அதுதான்.

எமில் கையை மெல்ல இறக்கிக் கெண்டியை மேசைமேல் வைத்தார். உறுமல் நின்றது. நாய் இரண்டடி பின்னால் போய்ப் பின்னங்காலில் உட்கார்ந்தது. அவ்வளவுதான் அதன் கோரிக்கை. அந்த நிமிஷம் அவர் பின்வாங்கி வண்டியில் ஏறியிருக்கலாம். நாய் எழுந்துகூடப் பார்த்திருக்காது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

ஆனால் கால் நிற்கமாட்டேன் என்றது. சூரியன் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. ஆர்லீன் இந்நேரம் டி மாய்னைத் தாண்டியிருப்பாள். அவள் ஓட்டினால் எப்போதும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிடுவாள். கெண்டி ஒரு சாண் தூரத்தில் இருந்தது. தூக்கவேண்டாம், மூடியைத் திறந்து இரண்டு விரலை விட்டால் போதும். வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கையை நகர்த்தினார். மூடியைத் திறந்தார். அங்கேதான் முதல் விதியை மறந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தலையைத் திருப்பினார்.

கென்னத் பாய்ந்தது.

கையில் அகப்பட்டது ஒரு கறுப்புக் குடை. எமில் அதைப் படக்கென்று நாயின் முகத்துக்கு நேரே விரித்தார். எதிரில் இருந்த மனிதன் திடீரென்று பெரிய கறுப்பு வட்டமாக மாறியதில் கென்னத் ஒரு கணம் திகைத்துப் பின்வாங்கியது. அந்த ஒரு கணத்தில் அவர் மேசைக்கு மறுபுறம் போனார். நாய் குடையைப் பிடித்து இரண்டு உதறு உதறியது. துணி ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம். அடுத்து ஒரு மடக்கு நாற்காலி. கால்களை முன்னால் நீட்டி, சாட்டை இல்லாத சர்க்கஸ்காரர்போல் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "நில். நில் கென்னத். போதும்." குரல் தாழ்ந்துதான் இருந்தது. நாய் நாற்காலியின் வலையைக் கடித்துத் தன் பக்கம் இழுத்தது. எமில் நாற்காலியை அதற்கே விட்டுக்கொடுத்தார். முதுகில் ஏதோ இடித்தது. தொட்டுப் பார்த்தால் பெரிய ஃப்ரீசர் பெட்டி. ஏறினார். அறுபத்து மூன்று வயதில் அவ்வளவு வேகமாக அவர் எதிலும் ஏறியதில்லை. வலது கால் மேலே வந்தது. பேண்ட்டின் வலது கால் முழங்காலுக்குக் கீழே கென்னத்தோடு தங்கிவிட்டது.

தோலில் கீறல்கூட இல்லை. ஃப்ரீசர்மேல் நின்றுகொண்டு இருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். இடதுகையில் எதையோ இறுக்கிப் பிடித்திருப்பது அப்புறம்தான் தெரிந்தது. கெண்டியின் மூடி. அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

கெண்டி மேசைமேல் அப்படியே இருந்தது. அங்கிருந்து எட்டிப் பார்த்தாலும் உள்ளே தெரியவில்லை. கழுத்தை நீட்டினார், குதிகாலைத் தூக்கினார். அவர் அசையும்போதெல்லாம் கென்னத் எழுந்து நின்றது. அவர் நின்றால் அது படுத்தது. வாழ்நாளில் ஒரு இடத்தில் சும்மா நிற்கத் தெரியாத மனிதருக்கு, அசைந்தால் கடிப்பேன் என்று ஒரு காவல்காரன். தகரம் வேயப்பட்ட முன்கூரைக்குக் கீழே வெயில் சுட்டது. மூக்கு அரித்தது. ரோட்டில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் ஹார்லன் வந்துவிட்டாரா என்று ஆசை, வந்துவிட்டால் என்ன சொல்வது என்று பயம். வண்டி கடந்து போனால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு பெருமூச்சு.

"இந்தா பாரு கென்னத், நாம பேசித் தீத்துக்கலாம்," என்று கொலாச்சி ரொட்டியைப் பிட்டுப் பாதியைப் போட்டார்.

கென்னத் அதைத் தின்றது. மீதியையும் போட்டார். அதையும் தின்று, நாக்கால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடி அதே இடத்தில் அதே முகத்தோடு உட்கார்ந்தது. லஞ்சத்தை வாங்கிக்கொண்டு ஃபைலை நகர்த்தாத அதிகாரி.

ஹார்லனின் பிக்கப் வந்து நின்றபோது எமிலின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஹார்லன் அவசரப்படாமல் இறங்கினார். கிழிந்த குடையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். கென்னத்தின் காலடியில் கிடந்த பேண்ட் துணியைப் பார்த்தார். கடைசியாக மேலே பார்த்தார்.

"எமில்."

"ஹார்லன்."

"வெயில் கொஞ்சம் ஜாஸ்தி."

"ஒரு மழை வந்தாத் தேவல," என்றார் எமில், ஃப்ரீசர் மேலிருந்து.

"ஃப்ரீசர் பாக்க வந்தியா?"

"சும்மா. தாங்குமான்னு பாத்தேன்."

"நல்லாத் தாங்கும். எரநூறு சொல்றேன்."

"நாயைக் கூப்பிடு, ஹார்லன்."

"கூப்பிடறேன். வரணுமே. டேய் கென்னத், வாடா இங்க." கென்னத் ஒரு காதை மட்டும் திருப்பியது. "பாத்தியா? என் மச்சானும் இப்படித்தான். பேர் வைக்கறப்பவே யோசிச்சிருக்கணும். கை குலுக்கினாத்தான் படுப்பான், உனக்குத் தெரியாததா?"

"அப்ப கையைக் குடு."

ஹார்லன் இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். "வியாபாரம் இல்லாம எப்படிடா குடுக்கறது? ஒரு தடவ அவன ஏமாத்திட்டேன்னா அப்புறம் இந்தக் கைக்கு அவன்கிட்ட மரியாதை இருக்காது. எதையாவது வாங்கு."

எமில் மேசைகளைப் பார்த்தார், மூன்றாவதைத் தவிர. "அந்த ரேடியோ என்ன வெல?"

"அது நேத்து நீ எனக்கு வித்தது. மூணு டாலர் வாங்கினே. வேலை செய்யாதுன்னு சொல்லவேயில்ல."

"நீ கேக்கலியே."

"அதுவும் சரிதான். வேற?"

எமில் கால் மாற்றி நின்றார். கென்னத் எழுந்தது. மீண்டும் பழைய காலுக்கே வந்தார். "அவசரமில்ல. போற போக்குல கேக்கறேன், அந்த... டீக் கெண்டி. நேத்து குடுத்தது. அதுக்கு எவ்வளவு போட்டிருக்க?"

"பன்னெண்டரை."

"ரெண்டு டாலருக்கு வாங்கினடா."

"நேத்து நீ தரையில நின்னே."

"மூக்கொடஞ்ச கெண்டிக்கு எவன் குடுப்பான்? ஆறு."

"மூக்கொடஞ்சது மட்டுமா? இப்பப் பாத்தா மூடியும் காணோம். மூடியில்லாத கெண்டியை எப்படி விக்கறதுன்னுதான் நானும் யோசிக்கறேன்." ஹார்லன் மேசைக்கு அடியில் குனிந்து தேடுவதுபோல் பார்த்தார். "இங்கதான் எங்கயாவது இருக்கணும்."

எமிலின் சட்டைப்பையில் மூடி கனத்தது. "எட்டு."

"பன்னெண்டரை."

"ஒம்போது. நாம ஒண்ணாப் படிச்சவங்கடா."

"அதனாலதான் பன்னெண்டரை. தெரியாதவனுக்குப் பதினஞ்சு. குடை நாலு, நாற்காலி ஆறு, அது தனி."

"நாற்காலியை ஒடைச்சது உன் நாய்."

"எடுத்தது யாரு?"

எமில் வாய் திறந்தார். சொன்ன விலையைச் சொன்னபடி கொடுத்த நாள் ஒன்றுகூட அவர் வாழ்க்கையில் இல்லை. டாக்டரிடம் பேரம் பேசியிருக்கிறார். கல்லறைத் தோட்டத்தில் தனக்கும் ஆர்லீனுக்கும் இடம் வாங்கியபோது, ரெண்டு சேர்த்து எடுத்தா எவ்வளவு குறைப்பீங்க என்று கேட்டவர். இன்னும் அரைமணி நேரம் கிடைத்தால் பத்துக்கு முடித்துவிடலாம் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். ரோட்டில் ஒரு வண்டி போயிற்று. ஆர்லீன் வண்டி நிறம். அவள் இல்லை.

"பன்னெண்டரை," என்றார். ஃப்ரீசர் மேல் மண்டியிட்டுக் குனிந்து கையை நீட்டினார்.

ஹார்லன் பைக்குள்ளிருந்து கையை எடுத்து, அதைப் பிடித்து, கென்னத்துக்கு நன்றாகத் தெரியும்படி நிதானமாகக் குலுக்கினார். நாய் ஒரு கொட்டாவி விட்டது. பேண்ட் துணியின் மேலேயே சுருண்டு படுத்தது. இறங்கி வந்த எமிலின் கை பக்கத்தில் பட்டபோது, நெடுநாள் பழக்கம்போல் நக்கக்கூடச் செய்தது.

எமில் கெண்டியைத் தூக்கினார். கவிழ்த்தார். உள்ளே விரலை விட்டுச் சுற்றினார். ஒன்றுமில்லை.

வலை அறுந்த அந்த நாற்காலியின் சட்டத்தில் உட்கார்ந்தார். இதற்குமேல் அலட்சியமாக வைத்துக்கொள்ள முகத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

"ஹார்லன். அதுக்குள்ள ஆர்லீனோட கல்யாண மோதிரம் இருந்தது. நாளைக்கு நாப்பது வருஷம். அவ வந்துட்டிருக்கா."

ஹார்லன் சட்டைப்பையிலிருந்து, வண்டி துடைக்கிற நீலக் காகிதத்தில் மடித்த சிறு பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"நேத்து சாயங்காலமே பாத்தேன். வாங்கினதைக் கழுவாம வைக்கமாட்டேன். போன் அடிச்சு அடிச்சுப் பாத்தேன், நீ எடுக்கல. மெஷின்ல சொல்லி வச்சேன். இப்ப உன் வீட்டுக்குத்தான் போயிருந்தேன். படியில ரொம்ப நேரம் உக்காந்துட்டு வரேன்."

எமில் பொட்டலத்தைப் பிரித்தார். மடித்தார். மறுபடி பிரித்துப் பார்த்தார்.

"அப்ப வந்ததும் சொல்லவேண்டியதுதானே?"

"நீ ரேடியோ கேட்டே. அப்புறம் கெண்டி கேட்டே. மோதிரம் கேக்கவே இல்லியே."

"இதுக்கு எவ்வளவு?" என்று எமில் கேட்டுவிட்டார். பழக்கதோஷம்.

ஹார்லன் முகத்தில் அதுவரை இருந்த விளையாட்டு போய்விட்டது. "நான் வாங்கினது கெண்டி, எமில். அதுக்கு உள்ள இருந்தது உன்னோடது. இதுல வெல என்ன வந்தது?" கொஞ்சம் நிறுத்தி, "நீயா இருந்தா எவ்வளவு கேட்டிருப்பே?" என்றார்.

எமில் மனசுக்குள் காலையிலேயே ஒரு விலை போட்டு வைத்திருந்தார். அதை வெளியே சொல்கிற மாதிரி இல்லை. பர்ஸைத் திறந்து இருபத்திரண்டரை டாலரை எண்ணி வைத்தார். குறைத்துக் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து மூடியை எடுத்துக் கெண்டியில் பொருத்தினார். ஹார்லன் அதைப் பார்க்காததுபோல் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மோதிரத்தைச் சோப்புத் தண்ணீரில் போட்டு, கெண்டியைப் பழைய இடத்தில் வைத்து, வேறு பேண்ட் மாற்றி, கிழிந்ததைக் குப்பைத்தொட்டியின் அடியில் திணித்துவிட்டு, ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தபோதே ஆர்லீனின் வண்டி வந்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னால்தான்.

பெட்டியை வைத்தாள். கிண்ணத்திலிருந்து மோதிரத்தை எடுத்துத் துடைத்து விரலில் போட்டாள். சுலபமாக ஏறியது. கையை நீட்டிப் பார்த்தாள். எமில் மூச்சு விட்டார். பிறகு அவள் காபிப்பொடி எடுக்க அலமாரியைத் திறந்தாள்.

"எமில்."

"என்ன?"

"நம்ம கெண்டில ஏன் பன்னெண்டரை டாலர்னு சீட்டு ஒட்டியிருக்கு?"

முப்பது வருஷம் விதை விற்ற வாய்க்கு ஒரு பொய்கூடக் கிடைக்கவில்லை. கதவோரம் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார், ரேடியோ உட்பட. நடுவில் பதிவு மெஷினையும் அவள் அழுத்திக் கேட்டாள். ஹார்லன் குரல், மூன்று தடவை. மூன்றாவதில் பின்னால் கென்னத்தும் உறுமியது.

ஆர்லீன் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்க நின்னுட்டு ஆடாத, உக்காரு. குடை எவ்வளவு?"

"நாலு."

"நாற்காலி?"

"ஆறு."

"கெண்டி பன்னெண்டரை. பேண்ட்டு? அந்தப் பழுப்பு பேண்ட்டுதானே?"

"இருபத்துநாலு. போன மாசம்தான் வாங்கினது."

"நாப்பத்தாறரை. கெண்டி வித்து ரெண்டு வந்தது, அதைக் கழிச்சா நாப்பத்துநாலரை." விரலிலிருந்த மோதிரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். "அன்னிக்கு நகைக்கடைல எவ்வளவு கொறைச்சே?"

எமிலுக்கு எங்கே போய் முடிகிறது என்று புரிந்துவிட்டது. "நாப்பத்தஞ்சு."

"ஆக, இன்னிக்குத்தான் எனக்கு ஏறக்குறைய முழு வெல குடுத்திருக்க."

"ஏறக்குறைய என்ன ஏறக்குறைய? அம்பது சென்ட்டு. அதை விட்டுடலாமே, ஆர்லீன்."

ஆர்லீன் உள்ளங்கையை மேசைமேல் மலர்த்தி வைத்தாள். எமில் பைகளைத் தடவினார். சில்லறையெல்லாம் ஹார்லன் மேசையில் எண்ணி வைத்தாயிற்று.

மறுநாள் சர்ச்சில் ஃபாதர் இருவரையும் முன்னால் கூப்பிட்டு நிறுத்தியபோது அவள் அவர் காதருகே குனிந்தாள். அன்பாக ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து முன்வரிசைப் பெண்கள் புன்னகைத்தார்கள். அவள் சொன்னது பாக்கித் தொகை. சொன்ன விலை நூற்றெண்பத்தைந்து, அன்று கொடுத்தது நூற்றி நாற்பது, கென்னத் மூலம் வசூலானது நாற்பத்து நான்கரை, நிலுவை ஐம்பது சென்ட்.